டேபென்டடால் பழக்கம்: புப்ரினார்ஃபின் முதல் டோஸிலேயே நிலைமை மோசமாவது ஏன்?

வார்டு_செவிலி:
டேபென்டடால் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலிநிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கு அந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் தொடங்கும்போது, சிலருக்கு முதல் 2 மி.கி.யிலேயே வாந்தி, நடுக்கம், வயிற்றுப்போக்கு வருகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்துங்கள் என்கிறார்கள் வீட்டார். கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை மணி நேரம் விட வேண்டும்? பத்து நாளில் ஆள் தெளிந்ததும் மருந்தை நிறுத்தலாமா?

மனநல_மருத்துவர்:
அது ஒவ்வாமை இல்லை சிஸ்டர், அவசரத்தின் விளைவு. மூளையில் ஓபியாய்டு மருந்துகள் போய் ஒட்டும் இடங்களான மியூ ஏற்பிகளை டேபென்டடால் முழுதாகத் தூண்டும். புப்ரினார்ஃபின் ஓரளவுதான் தூண்டும், ஆனால் பிடி மிக இறுக்கம். டேபென்டடால் இருக்கும்போதே கொடுத்தால் அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். தூண்டல் சட்டென்று சரியும். அதுவரை அடங்கிக் கிடந்த லோகஸ் செருலியஸ் என்ற மூளைத்தண்டுப் பகுதி நார்அட்ரினலினைக் கொட்டும். வியர்வை, படபடப்பு, மயிர்க்கூச்சு எல்லாம் அதனால்தான்.

குறைந்தது 12 மணி நேரம் போகட்டும். அதோடு, மருந்து விலகல் அறிகுறிகளை அளக்கும் கவ்ஸ் (COWS) அளவுகோலில் மதிப்பெண் 12ஐ எட்டியதா என்றும் பாருங்கள்: கண்மணி விரிவு, கொட்டாவி, மூக்கொழுகல், எலும்பு வலி. பிறகு 2 மி.கி.; ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து இன்னொரு 2. முதல் நாள் பெரும்பாலும் 8 மி.கி.க்குள் அடங்கிவிடும். மாத்திரை கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். விழுங்கிவிட்டால் கல்லீரலே பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், பலன் இருக்காது.

முன்கூட்டியே கொடுத்துவிட்டீர்களா? நிறுத்தாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் புப்ரினார்ஃபினைக் கூட்டுவதே வழி. ரத்த அழுத்தம் குறைவாக இல்லாவிட்டால், படபடப்பை அடக்கக் குளோனிடின் 0.1 மி.கி., வாந்திக்கு ஆன்டன்செட்ரான்.

மருந்தாளர்:
டாக்டர் சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். மாத்திரையை விழுங்கியவருக்கு 12 மணி போதாது, 24 ஆகட்டும். எந்த மாத்திரை என்று தெரிய, அதன் காலி அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். டிராமடால் என்ற இன்னொரு ஓபியாய்டு வலிநிவாரணியும் எடுத்திருந்தால் வலிப்பு வரலாம். ஓபியாய்டு முறிமருந்தான நலாக்சோன் மூச்சை மீட்கும், வலிப்பை நிறுத்தாது.

கரைத்துப் போடுவதில் இன்னொரு கேடு: மாத்திரையிலுள்ள டால்க், செல்லுலோஸ் துகள்கள் ரத்தத்தில் கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். துணியில் வடிகட்டினாலும் போகாது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயம். சி இருந்தால் அரசுத் திட்டத்தில் சிகிச்சை இலவசம்.

மனநல_மருத்துவர்:
எஸ்.ஆர். விஷயம் சரி, நான் விட்டுவிட்டேன்.

பத்து நாளில் நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய பயம். உடல் தெளியும், தூக்கமின்மை, எதிலும் நாட்டமில்லாமை, ஏக்கம் மாதக்கணக்கில் நீடிக்கும். ஆனால் அதிக அளவைத் தாங்கும் திறன், நிறுத்திய சில நாட்களிலேயே இறங்கிவிடும். பழைய அளவை ஒருமுறை போட்டால் மூச்சு நிற்கும். அதனால் நாளுக்கு 8 முதல் 16 மி.கி. என்று ஒரு வருடமாவது தொடரட்டும், குறைப்பது மெதுவாக நடக்கட்டும். கூடவே மதுவும், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையும் கூடாது. ஓபியாய்டு ஏற்பிகளை அடைத்துவிடும் நால்ட்ரெக்சோனுக்கு மாற வேண்டுமென்றால் ஓபியாய்டு எதுவும் இல்லாமல் 7 முதல் 10 நாள் போக வேண்டும்.

மூச்சு மந்தமாகி, உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் 108. செயற்கை மூச்சு கொடுங்கள், நலாக்சோன் 0.4 மி.கி. தசையில். எழுந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்: நலாக்சோன் 30 முதல் 90 நிமிடத்தில் இறங்கிவிடும், டேபென்டடால் அப்போதும் உடலில் இருக்கும்.