கம்ப்யூட்டரில் ஓடும் டிவிடி பாட்டி வீட்டு பிளேயரில் பாதியில் நிற்கிறது, என்ன செய்யலாம்?

ஹட்டிக்காரன் (கோத்தகிரி)

எங்கள் பாட்டிக்கு வீட்டு வீடியோக்களை டிவிடியில் போட்டுத் தர வேண்டும். அவருக்குத் தெரிந்தது தட்டைத் திறப்பது, டிஸ்க்கை வைப்பது, பிளே அழுத்துவது, அவ்வளவுதான். வீட்டில் பழைய டியூப் டிவி, அதில் மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயரில் மாட்டிய டிவிடி பிளேயர். போட வேண்டியது இரண்டு: தங்கை கல்யாணத்தை ஆளாளுக்குச் செல்போனில் எடுத்தது ஒன்று, 2007-இல் மாமா மினிடிவி (MiniDV, சின்னக் கேசட் போடுவது) கேமராவில் எடுத்த பேரகணி ஹெத்தை ஹப்பா, எங்கள் படகர் திருவிழா, இன்னொன்று (கேசட் பெட்டியில் இருக்கிறது, அப்போதே எம்பெக் கோப்பாக மாற்றி வைத்ததும் இருக்கிறது).

விண்டோஸிலேயே எம்பி4 கோப்புகளை இழுத்துப் போட்டு ரைட் செய்த டிஸ்க்கைப் பிளேயர் கண்டுகொள்ளவே இல்லை, ‘நோ டிஸ்க்’. அப்புறம் டிவிடிஸ்டைலர் என்ற டிவிடி தயாரிக்கும் மென்பொருளில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே டிஸ்க்கில் அடக்கினேன், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. இப்போது படம் வருகிறது, ஆனால் கடைசி அரை மணி நேரம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடுகிறது. கல்யாண வீடியோவில் போகப் போக வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம். அதே டிஸ்க் கம்ப்யூட்டரில் கடைசி வரை ஓடுகிறது. லேப்டாப்பில் டிரைவ் கிடையாது, யூஎஸ்பியில் மாட்டும் மெல்லிய ரைட்டர்தான். கோளாறு எங்கே?

பென்டிரைவ்_போதும் (ஊட்டி)

கோளாறு டிஸ்க் என்கிற சாமானிலேயே இருக்கிறது தம்பி. ரைட் செய்யும் ப்ளூ-ரே டிஸ்க்கையும் மினிடிவி கேசட்டையும் தயாரிப்பதை சோனியே 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7-இல் இருந்த டிவிடி மேக்கரை மைக்ரோசாப்ட் விண்டோஸ் 8-இலேயே தூக்கிவிட்டது. செய்கிறவனே கைகழுவியதை நீங்கள் ஏன் கட்டி அழுகிறீர்கள்? யூஎஸ்பி உள்ள சின்ன எல்இடி டிவி ஒன்றை வாங்கிக் கொடுங்கள், பென்டிரைவைச் செருகுங்கள், வேலை முடிந்தது.

ஸ்டூடியோக்காரர் (குன்னூர்)

கேட்டவர் டிவி வாங்கலாமா என்று கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், கல்யாண வீடியோ போட்டுப் பிழைத்தவன் நான்.

முதல் டிஸ்க் ஓடாததற்குக் காரணம் நேரானது. விண்டோஸ் ரைட் செய்யும்போது இரண்டு வழி காட்டும், ஒன்று பென்டிரைவ் மாதிரி பயன்படுத்த, மற்றது சிடி/டிவிடி பிளேயருக்கு. முதல் வழியில் போட்டால் பழைய பிளேயருக்கு அந்த டிஸ்க் புரியாது. இரண்டாவதில் போட்டாலும் உள்ளே இருப்பது எம்பி4 கோப்புதான், யூஎஸ்பி வருவதற்கு முந்தைய பிளேயர் அதைப் படமாக எடுத்துக்கொள்ளாது. அதற்கு வேண்டியது எம்பெக்-2 படம், 720-க்கு 576 அளவு, வீடியோ_டிஎஸ் என்ற அடைவுக்குள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாத விஓபி கோப்புகள். டிவிடிஸ்டைலர் அதைச் செய்து தருகிறது, அதனால்தான் இரண்டாவது டிஸ்க்கில் படம் வந்தது.

கடைசி அரை மணி நேரச் சிக்கல் வேறு. டிவிடி நடுவிலிருந்து வெளியே பார்த்து எழுதப்படும். 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும், கம்ப்யூட்டர் கணக்கில் அது 4.37 தான். அதை விளிம்பு வரை நிரப்பினால் கடைசிப் பகுதி டிஸ்க்கின் மோசமான இடத்தில் விழுகிறது. டிஸ்க்கைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊதா நிறத்தில் எழுதிய வளையம் ஒரு சாயலிலும் எழுதாத வளையம் இன்னொரு சாயலிலும் தெரியும். எழுதியது விளிம்பைத் தொட்டிருந்தால் விடை கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் டிரைவ் தப்பாகப் படித்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துச் சமாளிக்கும், பழைய பிளேயருக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஒரு டிஸ்க்குக்கு ஒன்றரை மணி நேரம், 6 எம்பிபிஎஸ் (நொடிக்கு 6 மெகாபிட்). இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள். நேராக ரைட் செய்யாமல் முதலில் முழு டிஸ்க்கையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து, அதை இம்க்பர்ன் என்ற ரைட் செய்யும் மென்பொருள் மூலம் மிகக் குறைந்த வேகத்தில் ஏற்றி, எழுதியதைச் சரிபார்க்கும் வெரிஃபையும் போடுங்கள்.

பூம்பாறைக்காரி (கொடைக்கானல் மேல்மலை)

அண்ணா, எல்லாம் சரி, ‘மிகக் குறைந்த வேகம்’ என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்குக் கிடைக்கிற டிவிடியில் லேசர் எழுதுகிற சாயம் 16எக்ஸ் வேகத்துக்குச் செய்தது. அதை 2எக்ஸில் எழுதினால் சில டிஸ்க்கில் பிழை கூடத்தான் செய்கிறது. அதுவும் மெல்லிய ரைட்டர் 8எக்ஸுக்கு மேல் போகவே போகாது, ஆக 4எக்ஸ் வைத்தால் போதும்.

அவர் வேகத்தைப் பார்க்கும் முன்னால் கரண்டைப் பார்க்க வேண்டும். சாதாரண யூஎஸ்பி 2 ஓட்டை தருவது 500 மில்லிஆம்பியர், எழுதும்போது மெல்லிய ரைட்டர் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். லேப்டாப்பில் உள்ளே நீல நாக்கு தெரிகிற ஓட்டை இருந்தால் அதில் மாட்டுங்கள், அது 900 வரை கொடுக்கும். இரண்டு தலை உள்ள ஒயர் வந்திருந்தால் இரண்டையும் மாட்டுங்கள். தனிக் கரண்ட் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் மாட்டிவிட்டு டிஸ்க் மட்டம் என்று திட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஸ்டூடியோக்காரர் (குன்னூர்)

சரி அம்மா, 4எக்ஸ். நான் 8எக்ஸ் டிஸ்க் காலத்து ஆள். ஆனால் ரைட் முடிந்து வெரிஃபையும் ஓடியிருந்தால் கரண்ட் மேல் எனக்குச் சந்தேகம் வராது, விளிம்பு மேல்தான் வரும்.

பென்டிரைவ்_போதும் (ஊட்டி)

பாருங்கள், ஒரு படம் பார்க்க நீல நாக்கு, ஊதா வளையம், விளிம்பு. இவ்வளவும் செய்து ஏற்றிய டிஸ்க் நம்ம ஊர் ஈரத்தில் எத்தனை நாள் நிற்கும்? ஜூலையில் பீரோவில் வைத்த பெல்ட்டே பச்சையாகப் பூத்து வருகிற ஊர் இது.

பூம்பாறைக்காரி (கொடைக்கானல் மேல்மலை)

ஈரம் என்ற பேச்சை எடுத்தது நல்லது, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. பூசணம் முதலில் பிடிப்பது கேசட் நாடாவை, அப்புறம் லென்ஸை. டிஸ்க்கில் மேலே படிந்ததை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தால் போய்விடும், சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. காகித லேபிள் ஒட்டினால்தான் ஆபத்து, ஈரத்தில் ஒரு பக்கம் உப்பி டிஸ்க் ஆட ஆரம்பிக்கும்.

ஹட்டிக்காரன், பிளேயர் எந்த அறையில் இருக்கிறது? டிசம்பர் ஜனவரியில் உறைபனி விழும்போது சில்லென்று கிடந்த பிளேயரை அடுப்பு எரிகிற அறைக்குக் கொண்டுவந்து உடனே போட்டால், உள்ளே லேசர் லென்ஸில் நீர் படியும். அப்போது நல்ல டிஸ்க்கும் ‘நோ டிஸ்க்’ தான். அரை மணி நேரம் அறைச் சூட்டில் சும்மா வைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். மினிடிவி கேமராவிலாவது நீர்த்துளிப் படம் காட்டி நாடாவை ஓட்ட மறுக்கும், டிவிடி பிளேயர் ஒன்றும் சொல்லாது.

ஹட்டிக்காரன் (கோத்தகிரி)

வெளிச்சத்தில் பார்த்தேன், எழுதியது விளிம்புக்கு ஒட்டியே போயிருக்கிறது. கடையில் வாங்கிய சினிமா டிஸ்க் அதே பிளேயரில் முழுசாக ஓடுகிறது, அதனால் லென்ஸ் பரவாயில்லை என்று நினைக்கிறேன். இரண்டாகப் பிரித்துப் போடுகிறேன். வாயும் பேச்சும் சேராததற்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

பூம்பாறைக்காரி (கொடைக்கானல் மேல்மலை)

அது டிஸ்க் சம்பந்தமே இல்லை. செல்போன் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி நொடிக்கு இத்தனை பிரேம் என்பதை மாற்றிக்கொண்டே எடுக்கும், மண்டபத்துக்குள் குறைக்கும், வெளியே வந்தால் கூட்டும். டிவிடி ஒரே சீராக ஓடுவது. பேச்சு நேரப்படி போகும், படம் பிரேம் கணக்கில் போகும், கிளிப் நீளமாக நீளமாக இடைவெளியும் கூடும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் வீடியோ பகுதியில் ‘கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்’ தேர்ந்து ஒவ்வொரு கிளிப்பையும் ஒரு தடவை மாற்றிவிட்டு, அந்தக் கோப்பை டிவிடிஸ்டைலருக்குக் கொடுங்கள். ஹேண்ட்பிரேக் டிவிடி ரைட் செய்யாது, இந்த வேலைக்கு மட்டும்தான்.

அதோடு, செல்போன் நொடிக்கு 30 பிரேமில் எடுத்ததை நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறையின் 25-க்கு இறக்கினால் நடக்கிறவர்கள் விட்டு விட்டு நடப்பார்கள். கல்யாணத்தை மட்டும் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் போடுங்கள், அது 30-க்கு ஒட்டி ஓடும்.

ஸ்டூடியோக்காரர் (குன்னூர்)

என்டிஎஸ்சி போட்டுவிட்டு பாட்டி வீட்டில் கல்யாணப் புடவை கறுப்பு வெள்ளையில் தெரிந்தால் யார் பதில் சொல்வது? டியூப் டிவி பழையதாக இருந்து பால் மட்டும் தெரிந்ததாக இருந்தால் நிறம் வராது, படம் உருளவும் செய்யும். பிளேயர் செட்டப்பில் டிவி சிஸ்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இந்த யோசனை வேண்டாம். கொஞ்சம் விட்டு விட்டு நடந்தாலும் நிறம் இருக்கட்டும்.

இன்னொன்று, ஹப்பா வீடியோவுக்கு 6 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே இறக்கிக் கஞ்சம் பிடிக்காதீர்கள். மூடுபனியில் வெள்ளை முண்டு கட்டிய கூட்டம் ஆடுகிறது என்றால் எம்பெக்-2-க்கு அதைவிடக் கெட்ட காட்சி கிடையாது. சாம்பலும் வெள்ளையுமாக மெதுவாக மாறுகிற இடமெல்லாம் சதுரம் சதுரமாகத் தெரியும். இரண்டு மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் திணித்தால் 5-க்குத்தான் இடம் வரும், அப்போது பனி பனியாகத் தெரியாது.

பென்டிரைவ்_போதும் (ஊட்டி)

பென்டிரைவில் போட்டால் இந்தச் சதுரமே வராது. எடுத்தது எடுத்தபடி தெரியும்.

ஸ்டூடியோக்காரர் (குன்னூர்)

வராது, படமும் வராது. புதுப் போன் நிறைய எச்இவிசி என்ற புது வீடியோ முறையில் பதிகிறது, பழைய எல்இடி டிவியில் போட்டால் சத்தம் மட்டும் கேட்கும் அல்லது ‘இந்த வகை கோப்பு இல்லை’ என்று வரும். பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறவே ஏறாது. அதையும் மாற்றித்தான் கொடுக்க வேண்டும், உங்கள் வழியிலும் கம்ப்யூட்டர் வேலை இருக்கிறது. அப்புறம் லீவுக்கு வருகிற பேரன் பாட்டு ஏற்ற இடமில்லை என்று அழித்துவிட்டுப் போவான். ஒரு தடவை எழுதி மூடிய டிவிடி-ஆரை யாரும் அழிக்க முடியாது, அது எனக்குப் போதும்.

ஹட்டிக்காரன் (கோத்தகிரி)

பிரித்து 4எக்ஸில் போட்டதில் இரண்டு டிஸ்க்கும் கடைசி வரை ஓடுகின்றன, பேச்சும் சேர்ந்துவிட்டது. கல்யாணம் பாலில்தான், நடை கொஞ்சம் தட்டுகிறது, பாட்டி கவனிக்கவில்லை, நான் கவனிக்கிறேன். மெனு வந்ததும் அவர் படம் நின்றுவிட்டது என்று நினைத்துக் காத்திருக்கிறார், அதை எப்படி எடுப்பது?

பூம்பாறைக்காரி (கொடைக்கானல் மேல்மலை)

டிவிடிஸ்டைலரில் டெம்பிளேட் வேண்டாம் என்று தொடங்கி மெனுவை நீக்கிவிடுங்கள், டிஸ்க்கை வைத்ததும் நேராகப் படம் ஓடும்.

பென்டிரைவ்_போதும் (ஊட்டி)

சரி, பாட்டி பார்க்கட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் டிஸ்க் போட்டாச்சு என்று அந்த 2007 கேசட்டைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள், டிஸ்க்கை நம்பும் ஆட்கள் செய்வது அதைத்தான். டிவிடியில் இருப்பது நசுக்கிய பிரதி. நாடாவில் இருப்பதை அப்படியே இறக்கி இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இரண்டு வீட்டில் வையுங்கள்.

ஸ்டூடியோக்காரர் (குன்னூர்)

இதில் இவரோடு சண்டை இல்லை. பென்டிரைவை மட்டும் அதற்கு வைக்காதீர்கள், கரண்ட் படாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதிலிருந்து தகவல் போய்விடலாம். நாடாவிலிருந்து பயர்வயர் என்ற பழைய வகை ஒயர் வழியாகத்தான் இறக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி வரும், யூஎஸ்பி வழியாகப் பல கேமராக்கள் சின்னப் படம்தான் தரும். என் பழைய டெஸ்க்டாப்பில் அந்த ஓட்டை இருக்கிறது. மழை விட்ட பிறகு கேமராவையும் கேசட்டையும் அதன் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு குன்னூருக்கு வாருங்கள், நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டிப் பார்க்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். ஹார்டு டிஸ்க்கை ஊட்டிக்காரர் வாங்கித் தரட்டும்.