‘1984’ வாசித்த மனச்சோர்வு: ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட ‘1984’ நாவலை முடித்துப் பத்து நாள்களாகியும், எலிக்கூண்டு முகத்தை நெருங்கியதும் தனக்குப் பதிலாகக் காதலி ஜூலியாவைத் தண்டிக்கும்படி நாயகன் வின்ஸ்டன் கதறும் இடம் மனத்தை விட்டு அகலவில்லை. (புத்தகத்தின் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.) நாவலின் பின்னிணைப்பு, கதையில் வரும் கொடுங்கோல் ஆட்சியின் மொழியை இறந்தகாலத்தில் விவரிப்பதால் ஆட்சி வீழ்ந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பாருண்டு, எனக்கு அது ஆறுதலாகப் போதவில்லை. மார்கரெட் அட்வுட் 1985-இல் வெளியிட்ட ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலோ 2195-ஆம் ஆண்டுக் கருத்தரங்கு ஒன்றில் முடிவதால், கொடுங்கோன்மை கடந்துபோனது தெளிவாகிறது. அதை வாசித்தபின் தூக்கம் கெடவில்லை. பொய்யான நம்பிக்கை ஊட்டாமலும், வாசகரை முற்றிலும் நொறுக்காமலும் எழுதப்பட்ட இத்தகைய நாவல்கள், தமிழிலோ மொழிபெயர்ப்பிலோ இருந்தால் தெரிவியுங்கள். பதினாறு வயது மகள் ‘1984’-ஐக் கேட்கிறாள். இப்போதே கொடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.