புதுப்பிப்பு: கட்டாடின் உச்சியில் பயணம் முடிந்தது

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நெடுக நீளும் அப்பலாச்சியன் மலைப்பாதையில், ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கிய என் நடைப்பயணத்தை அக்டோபர் 15-க்குள் முடிக்க முடியுமா என்று ஆகஸ்டில் கேட்டிருந்தேன். பாதையின் வடக்கு முனையான, மேய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையுச்சியை அக்டோபர் 3 அன்று தொட்டுவிட்டேன். அக்டோபர் 15-க்கு மேல் மலையில் வானிலை எப்போது வேண்டுமானாலும் மோசமாகலாம் என்பதால் அதற்குள் முடித்துவிடும்படி அந்த மலை அமைந்துள்ள பேக்ஸ்டர் பூங்காவின் நிர்வாகம் அறிவுறுத்துவது எவ்வளவு நியாயம் என்பது, மான்சன் ஊருக்கு வடக்கே உள்ள நூறு மைல் வனப்பகுதியில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு விடியலில் தண்ணீர் வடிகட்டி உறைந்துபோயிருந்தது. உறைந்த வடிகட்டியை மறுபடி நம்பக்கூடாது என்பதால் மிச்ச நாள்களில் நீரைக் கொதிக்கவைத்தே குடித்தேன். இரவில் வடிகட்டியை உறங்குபைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னவர்கள் சொன்னது சரிதான்; அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. கட்டாடினில் மரங்கள் முடிந்த பிறகு பாறைகளைக் கைகளால் பற்றித்தான் ஏறவேண்டியிருந்தது. 1,606 மீட்டர் உயரத்தில், உச்சியைக் குறிக்கும், காற்றில் தேய்ந்த அந்த மரப்பலகையில் கை வைத்தபோது அழுதுவிட்டேன். கீழே பிர்ச் மரங்கள் மஞ்சளாகியிருந்தன.