தக்காளியின் அடி கருகுகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். நட்டு 60 நாட்களான எங்கள் குடும்பத் தோட்டத்துத் தக்காளி, பூக்கும்வரை கண்ணுக்கு நிறைவாக நின்றது. பிறகு ஒரு வாரம் விடாத மழை, அதன் பின்னாலேயே சுட்டெரிக்கும் வெயில். இப்போது காயின் அடியில், பூ உதிர்ந்த இடத்தில், தோல்போலக் காய்ந்த கரும்பள்ளம். அறுத்துப் பார்த்தேன், புழு இல்லை. இலைகளும் பச்சையாகவே இருக்கின்றன.

ஈரம் ஏறி இறங்கியதால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை என்றே நினைக்கிறேன். வைக்கோல் மூடாக்கு போட்டு, சொட்டுநீரைச் சீராக விடுகிறேன். யூரியாவை நிறுத்திவிட்டேன். அம்மா தினமும் கருகிய காய்களைக் கிள்ளிக் கூடையில் போடுகிறார்; பார்க்கவே மனம் தாங்கவில்லை.

கால்சியம் நைட்ரேட் தெளித்தவர்களுக்குப் பலன் கிடைத்ததா? எந்த அளவில், எந்த நேரத்தில் தெளித்தீர்கள்? அடுத்த கொத்துப் பூக்களையாவது காப்பாற்ற வேண்டும். அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.