வலை இழுக்குறப்ப பாடுற அம்பா பாட்டுக்கு ஸ்டுடியோ வேணுமா, ஒத்த மைக் போதுமா?

பாம்பன் பையன்:
நம்ம தங்கச்சிமடத்துப் பாட்டுக்கார அண்ணன் சொந்தமா எழுதி மெட்டுப் போட்டு பாடுறவரு, மூணு வருஷமா சென்னை ஸ்டுடியோவுல கீபோர்டு, சுருதி திருத்துற ஆட்டோடியூன்னு போட்டுக்கிட்டு இருந்தாரு, இப்ப அதெல்லாம் விட்டுட்டு கடல்ல வளைச்சுப் போட்ட கரைவலைய கரையில நின்னு இழுக்குற எடத்துலயே ஒத்த மைக்க நட்டு ஒரே டேக்ல நாலு பாட்டு எடுத்துருக்காரு. இதுதான் அவரு குரலு.

மண்டபம் சவுண்ட்:
தம்பி, நான் மேடைக்கு சவுண்ட் பாக்குறவன். மைக்குல கச்சான் காத்து டுபுடுபுன்னு அடிக்குது. ரெண்டாவது பாட்டுல பின்பாட்டு "ஏலேலோ" வந்து முன்பாட்ட முழுங்கிருச்சு. ஒத்த மைக்குல எடுத்தா அப்புறம் முன்பாட்டுக் குரல மட்டும் சுத்தமா தூக்குறது ரொம்ப கஷ்டம். ஒவ்வொரு குரலையும் தனித்தனியா பதியிற மல்டிட்ராக் எதுக்கு இருக்கு?

பாம்பன் பையன்:
அண்ணே, ஸ்டுடியோவுல கிளிக், அதான் வேகம் மாறாத கம்ப்யூட்டர் தாளம், காதுல போட்டு பாட வச்சாங்கல்ல, அங்கதான் பாட்டு செத்துச்சு. வலை தூரத்துல கனமா கெடக்கும்போது அம்பா இழுத்து இழுத்து வரும், மீன் சேருற மடி கரைய நெருங்க நெருங்க வேகம் புடிக்கும், கால் மண்ணுல புதையிறப்ப மூச்சு நிக்கும், அப்ப பாட்டும் நிக்கும். கம்ப்யூட்டர் தாளம் அதுக்கு நிக்குமா? அமெரிக்கப் பாட்டுக்காரரு ஸ்பிரிங்ஸ்டீன் 1982ல நெப்ராஸ்கா ஆல்பத்த வீட்டுல நாலு ட்ராக் கேசட் மெஷின்ல தான் எடுத்தாரு, பேண்டோட ஸ்டுடியோவுல திரும்ப வாசிச்சுப் பாத்தும் சரியா வராம அந்த கேசட்டயே வெளியிட்டாரு.

மண்டபம் சவுண்ட்:
அந்த கேசட்ட எல்பி இசைத்தட்டா மாத்த எவ்ளோ பாடுபட்டாங்கன்னு அதையும் சொல்லுங்க. அதோட அது ரூமுக்குள்ள ஒத்த ஆளு பாடுனது, கடக்கரையில பத்து பேரு பாடுனது இல்ல. கிளிக் வேணாம்னு நானும் ஒத்துக்குறேன், அது தப்புதான்.

கீழக்கரை அக்கா:
நான் சவுண்ட் அண்ணன் பக்கம். எங்க அம்மாச்சி பாடுனத செல்போன்ல புடிச்சு வச்சேன், அவங்க போயிட்டாங்க, இப்ப கேட்டா எரைச்சல் தான் இருக்கு. மூணாவது அடியில மீன் பேரு ஒண்ணு வரும், வீட்டுல யாருக்கும் அது வெளங்கல. வார்த்த போனா என்னத்த காப்பாத்துனோம்?

பாம்பன் பையன்:
அக்கா, அதுக்கு பதில் எங்கிட்ட இல்ல.

மண்டபம் சவுண்ட்:
காத்து எந்திரிக்கிறதுக்கு முன்ன விடியக்காலம் எடுங்க. மைக்குக்கு பஞ்சு உறை மாட்டுங்க, முன்பாட்டுக்காரருக்கு மட்டும் தனியா சின்ன மைக் ஒண்ணு. நானே கொண்டாறேன், காசு வேணாம்.

பாம்பன் பையன்:
அண்ணன்கிட்ட சொல்றேன். ஆனா இன்னொரு டேக்னு மட்டும் கேட்டுறாதீங்க, வளைச்ச வலைய ஒருக்காதான் இழுப்பாங்க.