மூக்குக் குத்திய க்ளோ எஞ்சின்: பிரித்துச் சேர்த்த அனுபவங்கள்

க்ளோ பிளக் வைத்த சிறு எஞ்சினில் பறக்கும் மாடல் விமானம் தரையில் மூக்கால் குத்தியதும் எல்லார் கையும் ப்ரொப்பெல்லருக்குத்தான் போகும். சுற்றாதீர்கள். கார்புரேட்டர் வாயில் நிற்கும் மணல், ஒரே சுற்றில் ஷாஃப்ட் (ப்ரொப்பெல்லரைச் சுற்றும் தண்டு) துளை வழியாக உள்ளே போய், லைனரில் (பிஸ்டன் ஓடும் உள்குழாய்) கோடு கிழித்துவிடும். கழுவினால் தீரும் வேலை, லைனர்-பிஸ்டன் செட் வாங்கும் செலவாகிவிடும். கார்புரேட்டர் வாய், புகைவாய் இரண்டிலும் துணியை அடைத்துவிட்டு, வெளிப்புறத்தை மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துக் கழுவிய பிறகு டூல்ஸை எடுங்கள்.

---

ஓ.எஸ். 46 ஏஎக்ஸ் (7.45 சிசி) மாதிரி எஞ்சின் என்றால் சைலன்சர், கார்புரேட்டர், பேக்பிளேட் (பின் மூடி), ஹெட் (மேல் மூடி) என்ற வரிசையில் கழற்றலாம். லைனர் வராவிட்டால் புகைவாயில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பவே கூடாது, போர்ட் (லைனரில் உள்ள துளை) விளிம்பு பிசிறடித்துவிடும். ஹீட் கன்னால் கேஸை (எஞ்சினின் வெளிக்கூடு) சூடாக்கினால் அலுமினியம் விரிந்து லைனர் தானாக நழுவும். பிஸ்டனை ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று மார்க்கரால் குறித்த பிறகே கழற்றுங்கள்.

ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று பிஸ்டனோடு சேர்த்துச் சுற்றிப் பார்ப்பதில் பயனில்லை. ஏபிசி வகை (அலுமினியப் பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை லைனர்) லைனர் மேலே குறுகலாகக் கடைந்தது. பிஸ்டன் மேலே வரும்போது இறுகுவது இயல்பு. அதைக் குறை என்று நினைத்து எமரித் தாளால் தேய்த்த எஞ்சின்கள் கம்ப்ரஷன் போய் அலமாரியில்தான் கிடக்கின்றன. பிஸ்டனை எடுத்துவிட்டு ஷாஃப்டை மட்டும் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்தால், அல்லது முன் வாஷர் தள்ளாடினால், ஷாஃப்டை மாற்றுங்கள். கடினப்படுத்திய எஃகு அது, தட்டி நிமிர்த்த முடியாது.

---

பேரிங் பற்றி ஒன்று. மணல் போயிருந்தால் கழுவித் திரும்பப் போடலாம் என்ற ஆசை வேண்டாம். கேஸை ஓவனில் 150 டிகிரி வரை சூடாக்கி, மரக்கட்டைமேல் ஓங்கித் தட்டினால் பின் பேரிங் விழும். முன் பேரிங்கை உள்ளிருந்து மரக்குச்சியால் தள்ள வேண்டும். அளவு எண் பேரிங்கிலேயே பொறித்திருக்கும். சி3 கிளியரன்ஸ் (உள் இடைவெளி சற்று அதிகமான வகை) கேட்டு வாங்குங்கள். பின் பேரிங் மூடியில்லாததாக இருக்க வேண்டும், அதற்கு எண்ணெய் எரிபொருளிலிருந்துதான் கிடைக்கிறது.

கருகிய ஆமணக்கெண்ணெய்க் கறைக்கு, ரப்பர் பாகங்களை எடுத்துவிட்டுக் கார் கூலண்டில் மெதுவாகச் சூடாக்கி ஊறவிடுங்கள். கூலண்டில் உள்ள கிளைக்கால் விஷம், அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. காஸ்டிக் சோடா மட்டும் வேண்டாம், அலுமினியத்தையே தின்றுவிடும்.

---

சேர்க்கும்போது லைனர் விளிம்பின் வெட்டு, கேஸில் உள்ள சிறு ஊசியில் (pin) உட்கார வேண்டும். ஹெட் ஸ்க்ரூக்களை எதிரெதிராக, மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கமே முறுக்கினால் லைனர் கோணிவிடும். கார்புரேட்டர் அடி ஓ-ரிங், பேக்பிளேட் கேஸ்கெட் இரண்டும் புதிது. அங்கே காற்றுக் கசிந்தால் ஐடில் (குறைந்தபட்ச ஓட்ட வேகம்) ஏறி இறங்கும், நீடிலை (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) எவ்வளவு திருகினாலும் அடங்காது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் மூக்கைத் தூக்கினால் எஞ்சின் நின்றுபோகிறதா? டேங்கைத் திறந்து பாருங்கள். மோதிய வேகத்தில் உள்ளே இருக்கும் கிளங்க் டியூப் (நுனியில் எடை கட்டிய, எரிபொருள் உறிஞ்சும் குழாய்) முன்பக்கம் மடிந்து மாட்டிக்கொண்டிருக்கும்.