கயலின் வெள்ளிக்கிழமைப் பேச்சு (குடும்பக் குழுவிலிருந்து)

கயல்: வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் பேசுகிறேன். எழுதியதை அனுப்புகிறேன், எல்லாரும் படித்துப் பாருங்கள். "டைனோசர்கள் உலகை ஆண்ட காலத்தில் பாலூட்டிகள் எலியளவே இருந்தன. பகலெல்லாம் வளைக்குள் ஒளிந்து, இரவில் பூச்சி பிடித்துத் தின்றன. டைனோசர்களைக் கண்டு நடுங்கின."

செல்வி அத்தை: நன்றாக இருக்கிறது கண்ணு. நிறுத்தி நிதானமாகப் பேசு.

முத்து சித்தப்பா: கயல், இதை அப்படியே பேசாதே. பெரும்பாலானவை சிறியவை என்பது சரி. எல்லாமே என்று சொன்னால் தவறு. கல்லூரியில் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் பாடம் நடத்தினேன். அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போய்த் திருத்த முடியாது. உன்னையாவது திருத்திவிடுகிறேன்.

கயல்: எது பெரியது சித்தப்பா?

முத்து சித்தப்பா: ரெப்பெனோமாமஸ். சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் கிடைத்த விலங்கு. சுமார் 12 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது. அதில் இரண்டு இனங்கள் உண்டு. சிறியதை 2000இலும் பெரியதை 2005இலும் விவரித்தார்கள். பெரியது மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரு மீட்டருக்கு மேல், எடை 12 முதல் 14 கிலோ. நடுத்தரமான ஒரு நாட்டு நாயை நினைத்துக்கொள். கால் மட்டும் குட்டை, உடம்பு தடித்தது.

அருண்: மாமா, அதன் வயிற்றுக்குள் டைனோசர் இருந்ததாக எங்கேயோ படித்தேன். உண்மையா?

முத்து சித்தப்பா: உண்மைதான். அது சிறிய இனத்தின் வயிறு. இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில், இன்றைய பாலூட்டிகளுக்கு இரைப்பை இருக்கும் அதே இடத்தில், ஒரு சிட்டகோசாரஸ் குட்டியின் எலும்புகள் குவிந்து கிடந்தன. கிளியின் அலகு போன்ற வாய் கொண்ட தாவரபட்சிணி அது. குட்டியின் நீளம் ஏறத்தாழ 14 செ.மீ., நம் விரித்த கையளவுகூட இல்லை. அதன் கால் எலும்புகள் சில மூட்டோடு மூட்டாகச் சேர்ந்தே இருந்தன. அதாவது மென்று தின்னவில்லை, பிய்த்துத் துண்டு துண்டாக விழுங்கியிருக்கிறது.

செல்வி அத்தை: ஐயோ, பச்சைக் குட்டியா! மனது என்னவோ செய்கிறது முத்து.

முத்து சித்தப்பா: பிறந்த உடனேயும் இல்லை அக்கா. குட்டியின் பற்கள் தேய்ந்திருந்தன. சில நாளாவது இலை தழை கடித்துத் தின்றிருக்கிறது.

தாத்தா: முத்து, குட்டியைத் தின்றது பெரிய காரியமா? காக்கைகூடக் கோழிக்குஞ்சைத் தூக்கிப் போகிறது. வளர்ந்ததை அடித்திருந்தால் சொல்.

முத்து சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன் அப்பா. 2012இல் அதே லியாவோனிங்கில் ஒரு கல் கிடைத்தது. 2023இல் சீன, கனடா ஆய்வாளர்கள் அதைப்பற்றி எழுதினார்கள். இரண்டு எலும்புக்கூடுகள் பின்னிக் கிடக்கின்றன. டைனோசர் குப்புறப் படுத்திருக்கிறது, கால்கள் இரு பக்கமும் மடங்கியிருக்கின்றன. அதன்மேல் ரெப்பெனோமாமஸ், அந்தச் சிறிய இனம்தான். இடக்கை டைனோசரின் கீழ்த்தாடையைப் பற்றியிருக்கிறது. பின்கால் அதன் மடங்கிய காலுக்குள் சிக்கி, கெண்டைக்கால் எலும்பைப் பிடித்திருக்கிறது. பற்கள் இரண்டு விலா எலும்புகளைக் கவ்வியபடியே இருக்கின்றன. டைனோசருக்கு நீளம் சுமார் 120 செ.மீ., எடை பத்தரைக் கிலோ. மேலே கிடப்பதற்கு மூன்றரைக் கிலோகூட இல்லை. அம்மா வளர்த்த சாம்பல் பூனையின் எடைதான்.

தாத்தா: மூன்று மடங்கு!

தாத்தா: செத்துக் கிடந்ததைத் தின்ன வந்திருக்கலாமே? நரியும் அப்படி வருமே.

முத்து சித்தப்பா: அவர்களும் அதைத்தான் முதலில் கேட்டுக்கொண்டார்கள். பிணத்தைத் தின்றிருந்தால் எலும்பில் பல் பட்ட தடம் இருக்க வேண்டும். டைனோசரின் எலும்புகளில் அப்படி எதுவும் இல்லை. செத்ததைத் தின்ன வந்த விலங்கு இப்படிக் கையும் காலும் பின்னிக் கிடக்கவும் தேவையில்லை. உயிரோடு இருந்ததைத்தான் தாக்கியது என்பது அவர்கள் முடிவு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. நம் மலைகளில் செந்நாய் தன்னைவிடப் பல மடங்கு பெரிய கடமானை வீழ்த்துகிறது. ஆனால் செந்நாய் கூட்டமாகப் போகும், இது தனியாக நின்றிருக்கிறது.

அருண்: லியாவோனிங் என்றால் ஒட்டுவேலைப் புதைபடிவங்களுக்குப் பேர்போன இடமாயிற்றே மாமா? 1999இல் ஆர்க்கியோராப்டர் என்று வெவ்வேறு விலங்குகளின் துண்டுகளை ஒட்டி வைத்தார்களே.

முத்து சித்தப்பா: கேட்க வேண்டிய கேள்வி அருண். ரெப்பெனோமாமஸின் இடப்பக்கக் கீழ்த்தாடை கல்லுக்குள் புதைந்திருந்தது, வெளியே தெரியவில்லை. ஆய்வாளர்கள் தாங்களே அந்த இடத்தைச் செதுக்கிப் பார்த்தார்கள். உள்ளே தாடை விலா எலும்புகளைக் கடித்துக்கொண்டிருந்தது. விற்பதற்காக ஒட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பல்லைக் கொண்டுபோய் வைக்க மாட்டான்.

செல்வி அத்தை: இரண்டும் ஒரே நொடியில் எப்படிச் செத்தன?

முத்து சித்தப்பா: எரிமலை, அக்கா. இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பாம்பேய் நகரத்தை வைத்து, அந்தப் பகுதியையே சீனாவின் பாம்பேய் என்று சொல்வதுண்டு. எரிமலைச் சாம்பலும் சேறும் கலந்து பெருக்கெடுத்து வந்து மூடியிருக்க வேண்டும். கடித்த பல்லை எடுக்கக்கூட நேரமில்லை.

கயல்: சித்தப்பா, அப்படியென்றால் இதுதான் நம் மூதாதையா?

முத்து சித்தப்பா: இல்லை. பாட்டனார் முறை வராது, பங்காளி முறை. யூட்ரைகோனோடான்ட் என்ற வகையறா. வாரிசில்லாமல் அற்றுப்போயிற்று. பேச்சில் "நம் முன்னோர்" என்று எழுதிவிடாதே.

கயல்: மாற்றிவிட்டேன்! "டைனோசர் காலத்துப் பாலூட்டிகள் பெரும்பாலும் சிறியவை. ஆனால் சீனாவில் கிடைத்த ஒரு கல்லில், பூனை எடையுள்ள ஒரு பாலூட்டி, தன்னைப்போல் மூன்று மடங்கு எடையுள்ள டைனோசரின் விலாவைக் கடித்தபடி இருக்கிறது." படமும் வரைகிறேன்.

தாத்தா: இதுதான் பேச்சு. பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கயல்: (படம்) இடக்கையைக் கீழ்த்தாடையில்தான் வரைந்திருக்கிறேன். மூன்று தடவை அழித்து வரைந்தேன்.

தாத்தா: பெரிதாக்கிப் பார்த்தேன். கை சரி. பின்கால் எங்கே பிடித்திருக்கிறது என்று தெரியவில்லையே? அதையும் வரை.